கணினி அகராதியும் பெயரொப்புமையும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று கேட்டபோது, வழக்கம்போல இலக்கியப் பொருள் ஒன்றையே எழுதித் தருவதாக எண்ணியிருந்தோம். எண்ணியது மாறியதற்குக் காரணம், இவ்விழாவை முன்னிட்டுத் தொகுக்கப்பட்ட பழைய மாணவர் பெயர்ப்பட்டியலேயாகும். பட்டியலைக் கணினியில் ஏற்றும் பணியை எம்மிடம் முன்னர் தமிழ் பயின்ற இளைஞர் ஒருவர் மேற்கொண்டார். பெயர்களின் எழுத்தைச் சரிபார்க்கும் பணி எம்முடையதாயிற்று. பல மாலைப்பொழுதுகள் அவ்விளைஞரின் அருகிலிருந்து யாம் கற்றவற்றை ஈண்டு எழுதுகின்றோம். கணினியறிவில் யாம் வல்லுநர் அல்லோம். எனினும் எழுந்த சிக்கல் பாதிக்குமேல் எழுத்திலக்கணச் சிக்கலாகவே இருந்தமையால், தமிழாசிரியன் ஒருவன் அதனை விளக்க முற்படுவது தகாத செயலாகாது.

சிக்கல் இவ்வாறு தொடங்கியது. அன்பர் ஒருவர் தமக்கு அழைப்பு வரவில்லை என்று தெரிவித்தார். அவர் பெயரைக் கோபால் எனக் கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. கணினியில் அவர் பெயரைத் தட்டித் தேடியபோது 'இல்லை' என்று விடை வந்தது. பட்டியலை மேலிருந்து கீழாகக் கண்ணால் பார்த்துச் சென்றபோதோ, கோபால் என்னும் பெயர் பிழையின்றித் தெளிவாக அங்கே இருந்தது. "சேர், எழுத்து ஒன்றுதானே? பிறகு ஏன் இல்லை என்கிறது?" என்று இளைஞர் எம்மை வினாவினார். கண்ணுக்குத் தெரியும் பெயரைக் கணினி இல்லை என்பது எமக்கும் வியப்பாகவே இருந்தது.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, செய்நிரலாளர் 'அகராதி' என்று எதனைக் கூறுகின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு சொல்லைக் கொடுத்து, அச்சொல்லோடு சேர்த்து வைக்கப்பட்ட செய்தியைப் பெறுவதற்கான ஏற்பாடே அது. கொடுக்கும் சொல்லைச் சாவி என்பர். நம் ஊர் வழக்கில் திறப்பு என்க. எம் பட்டியலில் மாணவர் பெயர் சாவி. அவர் முகவரியும் கற்ற ஆண்டும் அச்சாவியால் திறக்கப்படும் செய்தி. ஆயின் இவ்வகராதியில் பெயர்கள் அகர வரிசையில் இருப்பதில்லை. அகர வரிசையில் தேடுவதிலும் விரைவான வேறொரு முறை கையாளப்படுகின்றது.

அம்முறையின் சாயல் தமிழருக்குப் புதியதன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் எதுகை முறையில் தொகுக்கப்பட்டுள்ளன. சொல்லின் இரண்டாம் எழுத்தைக் கொண்டே அது எவ்வெதுகைப் பகுதியில் இருக்கும் என்று அறியலாம். நிகண்டு முழுவதையும் தேட வேண்டியதில்லை. உரிய பகுதிக்குச் சென்று, அங்குள்ள சில செய்யுட்களுள் வேண்டிய சொல்லைக் கண்டுகொண்டால் போதும். ஈண்டு இரண்டு செயல்கள் நிகழ்கின்றன. முதலாவது, சொல்லிலிருந்து அதன் பகுதியை அறிவது. இரண்டாவது, அப்பகுதியினுள் இருப்பவற்றுள் இதுதான் நாம் தேடிய சொல் என ஒப்பிட்டுத் தெளிவது. இவ்விரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

கணினி எதுகையைப் பார்ப்பதில்லை. சொல்லை எண்ணாக மாற்றிக்கொள்கின்றது. அவ்வெண்ணுக்கு ஹாஷ் எண் என்று பெயர். ஆங்கிலத்தில் அச்சொல் நறுக்கிக் கலந்ததனைக் குறிப்பது. 1953ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் தம் அலுவலகக் குறிப்பொன்றில் இம்முறையை எழுதியிருந்தார்.

எண்ணாக மாற்றுவது எங்ஙனம் எனின், யுனிகோட் என்னும் ஒழுங்கில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் உண்டு. ககரத்துக்கு 2965, பகரத்துக்கு 2986, கால் என்றும் அரவு என்றும் நாம் கூறும் குறிக்கு 3006, லகரத்துக்கு 2994, புள்ளிக்கு 3021, ஓகாரக் குறிக்கு 3019. கோபால் என்னும் பெயரில் ககரம், ஓகாரக் குறி, பகரம், கால், லகரம், புள்ளி ஆகிய ஆறும் உள. அவற்றின் எண்களைக் கூட்டினால் 17991 வரும். எம்மிடம் பத்து அறைகள் கொண்ட அலுமாரி ஒன்று இருப்பதாகக் கொண்டு, அறைகளுக்கு 0 முதல் 9 வரை எண்ணிட்டு, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே அறையெண் என விதித்தால், கோபால் 1ஆம் அறைக்குச் செல்வார். நாளை ஒருவர் கோபாலைத் தேடினால், மீண்டும் அதே கணக்கைச் செய்து நேரே 1ஆம் அறையைத் திறக்கலாம். ஏனைய ஒன்பது அறைகளையும் தொட வேண்டியதில்லை.

வெறுங் கூட்டல் நல்ல முறையன்று. 'தவசி', 'வசதி' என்னும் இரு சொற்களையும் பாருங்கள். இரண்டிலும் தகரம், வகரம், சகரம், இகரக் குறி ஆகிய நான்கே உள, வரிசைதான் வேறு. இரண்டின் கூட்டுத்தொகையும் 11954 ஆகும். இரண்டும் 4ஆம் அறைக்கே செல்லும். ஜாவா மொழியில் ஒவ்வோர் எழுத்தையும் சேர்க்குமுன் அதுவரை வந்த தொகையை 31ஆல் பெருக்குவர். அதனால் வரிசை மாறினால் எண்ணும் பெரும்பாலும் மாறும். எம்முறை கொண்டாலும் வேறு வேறு சொற்கள் சிற்சில வேளை ஓர் அறையில் வந்து கூடுவதை முற்றும் தடுக்கவியலாது. ஆதலினாலேயே இரண்டாம் செயலாகிய ஒப்பிடுதல் வேண்டப்படுகின்றது. அறையைத் திறந்ததும், அங்கிருப்பது தவசியா வசதியா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு அறிதல் வேண்டும்.

இனிக் கோபாலிடம் வருவோம். அவர் பெயரில் உள்ள 'கோ' என்னும் எழுத்தை யுனிகோட் முறையில் இரு வகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஓகாரக் குறி என்னும் தனிக்குறி ஒன்றை இடுவது ஒரு வகை. ககரத்தின்பின் ஏகாரக் கொம்பையும், அதன்பின் காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, அச்சிலும் ஒன்றே. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இவ்வாறே இரு வகை உண்டு. ஒருவர் கையாளும் விசைப்பலகையையும், எழுத்துருவை மாற்றித் தரும் கருவியையும் பொறுத்து இவற்றுள் ஏதேனும் ஒன்று கணினியுட் செல்லும். இரண்டாம் வகையில் ஓகாரக் குறியின் 3019 நீங்கி, அதனிடத்தில் ஏகாரக் கொம்பின் 3015உம் காலின் 3006உம் வருகின்றன. கூட்டுத்தொகை 20993 ஆகின்றது. இந்தக் கோபால் 3ஆம் அறைக்குச் சென்றுவிடுவார்! ஒருவகையாக எழுதி 3ஆம் அறையில் வைத்த பெயரை, மற்றொரு வகையாக எழுதி 1ஆம் அறையில் தேடினால் எவ்வாறு அகப்படும்?

ஏட்டுச் சுவடிகளில் காலும் ரகரமும் ஓர் உருவாகவே எழுதப்பட்டமையால், பதிப்பாசிரியர்கள் இடம் நோக்கி இஃது இன்னதெனத் தெளிய வேண்டியிருந்தது. அங்கே ஓருருவத்துக்கு இரண்டு எழுத்து. இங்கே ஓரெழுத்துக்கு இரண்டு எண்தொடர். கணினிக்கு இடம் நோக்கும் அறிவு இல்லை. அதற்கு எண் வேறாயின் எழுத்தும் வேறுதான்.

காரணத்தை அறிந்ததும் இளைஞர் மகிழ்ச்சியுடன் ஒரு திருத்தம் செய்தார். அவர் எழுதிய மொழி மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் சி ஷார்ப். அதில் அகராதியை ஆக்கும்போதே, 'சாவிகளை நீ உன் வழக்கப்படி ஒப்பிடாதே. யான் தரும் விதிப்படி ஒப்பிடு' என்று கட்டளையிட்டு ஒப்பீட்டாளர் ஒருவரை நியமிக்கலாம். அவ்வொப்பீட்டாளர் இரு கடமைகளை உடையவர். இரு சாவிகளும் ஒன்றா அல்லவா எனத் தீர்ப்புக் கூறுதல் ஒன்று. ஒரு சாவிக்குரிய ஹாஷ் எண்ணைத் தருதல் மற்றொன்று. இளைஞர் முதற் கடமையை மட்டும் நன்கு எழுதினார். இரண்டு வகைக் கோபாலும் ஒருவரே என்று விதித்தார். இரண்டாவதைப் பழையபடியே விட்டுவிட்டார். தேடினார்; மீண்டும் 'இல்லை' என்றே வந்தது.

யாம் இக்கட்டுரையை எழுதுவது முக்கியமாக இவ்விடத்தை விளக்குவதற்கே. ஒப்பிடும் விதியை மாற்றியது வீணாயிற்று. ஏனெனில் ஒப்பிடும் செயலே நிகழவில்லை. கணினி முதலில் ஹாஷ் எண்ணைக் கண்டு 1ஆம் அறையைத் திறந்தது. அங்கே கோபால் இல்லை, ஒப்பிடுவதற்கு ஆளில்லை. 3ஆம் அறையில் இருப்பவரைப்பற்றி அது வினாவவே இல்லை. வாயிலில் நிற்போன் ஆளை உள்ளே விடாதபோது, உள்ளிருக்கும் நீதிபதி எத்துணை நல்லவராயினும் பயன் யாது? இன்னொன்றும் உண்டு. தற்செயலாக இரு வகை எழுத்தும் ஓர் அறையில் வந்து விழுந்தாலும், சி ஷார்ப் அகராதி முதலில் குறித்து வைத்த முழு ஹாஷ் எண்களைப் பொருத்திப் பார்க்கும். அவை வேறாயின், எழுத்தை ஒப்பிடாமலே அப்பாற் சென்றுவிடும்.

ஆகவே விதி இதுவாகும்: இரு சாவிகளை ஒன்றெனத் தீர்ப்பவன், அவ்விரண்டுக்கும் ஒரே ஹாஷ் எண்ணைத் தந்தே ஆகவேண்டும். இதன் மறுதலை வேண்டியதில்லை. தவசிக்கும் வசதிக்கும் எண் ஒன்றாயினும் அவை வேறு சொற்களாக இருக்கலாம். அதனால் சிறிது தாமதமேயன்றிப் பிழை நேராது. எல்லாப் பெயருக்கும் 0 என்னும் ஒரே எண்ணைத் தந்துவிட்டாலும் விதி மீறப்படாது. ஆனால் எல்லாரும் ஓர் அறையில் அடைக்கப்படுவர். நாலாயிரம் பெயருள் ஒன்றைக் காணச் சராசரி இரண்டாயிரம் ஒப்பீடு செய்ய நேரும். பிறகு அலுமாரிக்கு அறைகள் எதற்கு?

விதியைத் தவறாது காக்கும் வழி எளியது. பெயர் எவ்வகையாக வரினும், முதலில் அதனை ஓர் இயல்பு வடிவத்துக்கு மாற்றுக. பின்னர் அவ்வடிவத்தையே ஒப்பிடுக. அவ்வடிவத்திலிருந்தே ஹாஷ் எண்ணையும் காண்க. தீர்ப்பும் எண்ணும் ஓரூற்றிலிருந்து வருதலின் ஒன்றோடொன்று முரணமாட்டா. ஏகாரக் கொம்பும் காலும் அடுத்தடுத்து வரின் அவற்றை ஓகாரக் குறியாக இணைக்கும் முறையை யுனிகோட் அமைப்பினரே வகுத்துள்ளனர்; சி ஷார்ப்பில் ஒரே கட்டளையால் அதனைச் செய்யலாம். இளைஞர் அதனைச் செய்தார்; கோபால் அகப்பட்டார்.

பிற மொழிகளில் நிலைமை சிறிது வேறு. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011ஆம் ஆண்டின் நியமத்தோடு வந்த அகராதி, ஹாஷ் எண் தருபவரையும் ஒப்பிடுபவரையும் தனித்தனி இருவராக ஏற்கும். இருவரும் இணங்கி நடக்கச் செய்தல் எழுதுபவர் பொறுப்பு. ஜாவாவின் ஹாஷ் அகராதி வெளியார் எவரையும் ஏற்பதில்லை. சாவி தானே தன் ஒப்புமையையும் எண்ணையும் கூறவேண்டும். ஆதலின் பெயரை ஓர் உறையிலிட்டு, அவ்வுறைக்கு இவ்விரண்டையும் கற்பித்து, உறையையே சாவியாக இடுவர். பைதனும் அவ்வழியதே. பைதன் மூன்றாம் பதிப்பில் எமக்குப் பிடித்த கண்டிப்பொன்று உண்டு. ஒரு வகுப்புக்கு ஒப்புமை விதியை மட்டும் எழுதி, ஹாஷ் விதியை எழுதாது விட்டால், அவ்வகைப் பொருளைச் சாவியாக இடவே அது மறுத்துவிடும். எம் மாணவர் அம்மொழியில் எழுதியிருப்பின் அன்றைய மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

இதுவரை கூறியன எழுத்து வேறுபாடு. இனிக் கூறுவது கடினமானது. எதனை 'ஒன்று' எனக் கொள்வது?

நன்னூல் கற்றவர்க்குப் போலி என்னும் இலக்கணம் தெரியும். பந்தல் என்பதும் பந்தர் என்பதும், நிலம் என்பதும் நிலன் என்பதும் எழுத்து வேறாயினும் பொருள் வேறல்ல. ஒப்பீட்டாளருக்கு இதனைக் கற்பித்து, இறுதி மகரமும் னகரமும் ஒன்றெனக் கொள்க என்று விதித்தால் யாது நேரும்? கமலம் என்னும் பெண்ணும் கமலன் என்னும் ஆணும் ஒருவராகிவிடுவர். இலக்கண நூலார் அவ்விதியை அஃறிணைப் பெயர்க்கே உரியதாக்கியது வீணுக்கன்று. விதியை எழுதும்போது அதன் எல்லையையும் உடனெழுதாவிட்டால், கணினி அதனைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் செலுத்தும்.

கௌரிகாந்தன், சௌந்தரராசன் போன்ற பெயர்களில் இன்னொரு தொல்லை கண்டோம். ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரம் போலவே தோன்றுதலின், பலர் ஒற்றைக் கொம்பிட்டு ளகரத்தையே தட்டிவிடுகின்றனர். யுனிகோட் இணைப்பு முறை இதனைத் திருத்தாது; ஏனெனில் ளகரம் உண்மையிலேயே வேறெழுத்து. எல்லாவிடத்தும் கொம்பையும் ளகரத்தையும் இணைத்துவிடுக எனின், வெள்ளையன் என்னும் பெயர் சிதைந்துபோகும். ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருப்பின் தொடாதே, வெறும் ளகரமாயின் இணை என்று யாம் விதி சொன்னோம். பெயர்களைப் பொறுத்தமட்டில் அது பயன்பட்டது. ஸ்ரீதரன் என்னும் பெயரின் முதலெழுத்தையும் இரு வேறு மெய்களால் எழுதுகின்றனர்; தோற்றம் ஒன்றே. அதற்கும் தனி விதி வேண்டியதாயிற்று. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றெனக் கொள்ளும் ஒப்பீட்டாளர் சி ஷார்ப்பில் ஆயத்தமாகவே உண்டு. தமிழுக்கு அப்படி ஒருவரை யாம் காணவில்லை, நாமே எழுதிக்கொண்டோம்.

ஊக்கம் மிகுந்த இளைஞர், ஓரெழுத்து மட்டும் வேறுபட்டால் ஒன்றெனக் கொள்ளலாமே என்றார். அது கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. மணியும் மதியும் ஓரெழுத்தால் வேறுபட்டன. மதியும் பதியும் அவ்வாறே. ஆகவே மணி மதிக்குச் சமம், மதி பதிக்குச் சமம் என்றாகும். ஆயின் மணிக்கும் பதிக்கும் இரண்டெழுத்து வேறுபாடு, ஆதலின் அவை சமமல்ல. ஒன்று இரண்டாவதற்குச் சமமாய், இரண்டாவது மூன்றாவதற்குச் சமமாயின், ஒன்றும் மூன்றும் சமமாதல் வேண்டும். இஃது இல்லாத உறவு சாயலேயன்றி ஒப்புமையன்று. மூவருக்கும் ஒரே ஹாஷ் எண் தரப் புகுந்தால், அச்சங்கிலி நீண்டு ஊரெல்லாம் ஓர் அறைக்குள் வந்துவிடும். சாயலைத் தேட வேறு முறைகள் உள. அகராதியின் சாவிக்கு அது பொருந்தாது.

இத்தனைக்கும் பின்னும் ஒரு தவறு நேர்ந்தது. அதில் எமக்கும் பங்குண்டு. சிலர் தந்தையார் பெயரின் முதலெழுத்தை இட்டும், சிலர் இடாதும் எழுதியிருந்தனர். ஒரே மனிதர் இருமுறை வருதலைத் தவிர்க்க, முதலெழுத்தைப் பொருட்படுத்தாது ஒப்பிடுமாறு யாமே ஆலோசனை கூறினோம். ஒப்புமையும் எண்ணும் இணங்கவே எழுதப்பட்டன; கணினி விதியைப் பிசகாது நடத்தியது. அதன் பயனாக வெவ்வேறு காலத்தில் பயின்ற கோபால் இருவர் ஒருவராயினர். அவருள் ஒருவர் காலமானவர். பின்னர் ஏற்றிய குறிப்பு முன்னதன்மேல் எழுதப்பட்டமையால், அமரரானோர் பெயர் வரிசையின் அச்சுப் படியில் மற்றவருடைய கற்ற ஆண்டு காணப்பட்டது. அவ்வன்பரோ அன்று மாலை நடந்த கூட்டத்துக்கு நேரில் வந்து, எம் அருகிலேயே இருந்து தேநீர் அருந்தினார்! படி எம் கையில் இருந்தது. அவரிடம் அதனைக் காட்டத் துணிவின்றி மடித்து வைத்துக்கொண்டோம்.

மறுநாள் இளைஞர் அமரர் கோபாலின் பெயருக்குமுன் முதலெழுத்தைச் சேர்த்து, முதலெழுத்தையும் ஒப்பிடுமாறு விதியை மாற்றி, அகராதிக்குள் இருந்தபடியே சாவியைத் திருத்தினார். உடனே அவர் பெயரும் காணாமற் போயிற்று. சாவியை உறையிலிட்டு வைத்திருந்தமையால் அவ்வாறு திருத்த முடிந்தது. ஆயின் பெயர் மாறியதும் அதற்குரிய எண் மாறியது, குறிப்போ பழைய அறையிலேயே கிடந்தது. சாவியைத் திருத்த வேண்டின், குறிப்பை வெளியே எடுத்து, திருத்தி, மீண்டும் புதிதாக இடவேண்டும். ஒப்பிடும் விதியையே மாற்றினாலோ, அகராதி முழுவதையும் புதிதாக ஆக்கவேண்டும். அலுமாரியிலிருக்கும் கோவையின் மேற்பெயரை அழித்தெழுதினால், கோவை தானாக நடந்து வேறறைக்குச் செல்லாதன்றோ?

இறுதியில் பெயரைச் சாவியாக வைப்பதையே கைவிட்டோம். மாணவரைச் சேர்த்துக்கொண்டபோது இட்ட சேர்விலக்கம் ஒருவருக்கு ஒன்றே. அதனைச் சாவியாக்கி, பெயரைச் செய்தியாக்கினோம். பெயரால் தேடுவோர்க்கு, ஒரு பெயருக்குப் பல சேர்விலக்கங்களைக் காட்டும் இரண்டாம் அகராதி ஒன்றை இயல்பு வடிவ ஒப்பீட்டாளரோடு அமைத்தோம். இப்போது கோபால் எனத் தட்டினால் இருவரும் வருகின்றனர், பார்ப்பவர் தெரிந்துகொள்ளலாம்.

சேர்விடாப்பு அழிந்துபோன ஆண்டுகளுக்கு இவ்வழியும் இல்லை. அவ்வாண்டுகளின் பெயர்களை எழுதியெடுத்துக்கொண்டு, அக்காலத்தில் உடன் பயின்றோர் வீடுகளுக்கு யாமும் இளைஞரும் சனிக்கிழமைதோறும் சென்று வருகின்றோம். இன்னும் நாற்பத்தொரு பெயர்கள் தெளியப்படாமல் உள. இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அவை அச்சிடப்பட்டுள்ளன. அறிந்தவர்கள் எமக்கு எழுதுவார்களாக.